கணக்கில் வராத காற்று

பி.காம். படித்தவன் கார் பானெட்டைத் திறக்கக் கூடாது என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. இருந்திருக்கலாம். எனக்கு 7,200 ரூபாய் மிச்சமாகியிருக்கும். அதைவிடப் பெரிய விஷயம் ஒன்றும் மிச்சமாகியிருக்கும். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நம்முடையது செகண்ட் ஹேண்ட் கார். எனக்கு முன்னால் இரண்டு பேர் ஓட்டியது. கம்பெனி பெயர் வேண்டாம். தப்பு கார் மேல் இல்லை என்பது போகப் போகத் தெரியும்.

ஒரு சனிக்கிழமை காலை. திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்ட் சிக்னல். பச்சை விழக் காத்திருக்கிறோம். வண்டி திடீரென்று 'டுர்ர்ர்... டு... டுர்ர்ர்... டு...' என்று விக்கல் எடுத்தவன் மாதிரி குலுங்க ஆரம்பித்தது. ஆர்.பி.எம். முள் அறுநூறுக்கும் ஆயிரத்துக்கும் நடுவே சடுகுடு ஆடுகிறது.

"என்னங்க, மீட்டர்ல மஞ்சளா ஏதோ எரியுது. தண்ணிக் குழாய் மாதிரி இருக்கு."

சகதர்மிணி சொன்ன குழாய், செக் என்ஜின் லைட். எங்கள் தெருவில் மாநகராட்சிக் குழாயில் தண்ணீர் வராததால் காரிலாவது வரட்டும் என்று சந்தோஷப்படுகிற நிலைமையில் நான் இல்லை. அடுத்த வாரம் முடிந்து திங்கட்கிழமை அப்பாவை மதுரைக்குக் கூட்டிப் போக வேண்டும். கண்ணில் ஊசி போட்டிருக்கிறார்கள். டாக்டர் கொடுத்த தேதி தள்ளக் கூடாது. போக 130 கிலோமீட்டருக்கு மேல். பஸ்ஸில் கூட்டிப் போனால் தூசியும் குலுக்கலும் ஆகாது.

எனக்கு வந்ததே கோபம்! சிக்னலில் உட்கார்ந்தபடியே போனை எடுத்தேன்.

மூன்று நாள் முன்னால், புதன்கிழமை, நம்ம மெக்கானிக் பாய் ஷெட்டில் பிரேக் பேட் மாற்றியிருந்தேன். மாற்றியது அவரிடம் வேலை பழகும் பையன். ஐ.டி.ஐ. முடித்தவன். பத்தொன்பது வயது.

"பாய், உங்க பையன் கை வெச்ச பிறகுதான் லைட் எரியுது. எதையோ கழட்டி விட்டுட்டான்!"

"தம்பி, பிரேக் பேட் வீல்ல இருக்கு. லைட் என்ஜின் லைட்டு..."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது பாய். தெரியாத பசங்களை எல்லாம் வெச்சு வேலை பார்த்தா இப்படித்தான். இனிமே வண்டி உங்க ஷெட்டுக்கு வராது!"

பச்சை விழுந்துவிட்டது. பின்னால் ஹாரன். வெற்றி வீரனாக வண்டியை எடுத்தேன். எடுத்தவுடன் ஆஃப் ஆகிவிட்டது.

* * *

அடியேனுக்கு யாரிடமாவது கோபம் வந்தால் உடனே ஆன்லைனில் ஏதாவது வாங்குவேன். இந்தத் தடவை வாங்கியது ஸ்கேனர். தீப்பெட்டி சைஸ். 900 ரூபாய். ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு சாக்கெட் இருக்கிறது, அதில் சொருகினால் புளூடூத் வழியாக என்ஜினின் மனக்குறை எல்லாம் செல்போனில் வந்துவிடும். அமெரிக்காவில் 1996 மாடல் கார்களிலிருந்து இந்த சாக்கெட்டும் கோடு நம்பர்களும் எல்லாக் கம்பெனிக்கும் பொது என்று கட்டாயமாக்கினார்கள். அந்தப் புண்ணியம் இன்றைக்குப் பொன்மலை வரை வந்திருக்கிறது.

போனில் வந்த செய்தி: 'பி0171 - சிஸ்டம் டூ லீன், பேங்க் 1.'

பேங்க் என்றதும் பகீர் என்றது. நம்ம லோன் விவகாரம் என்ஜினுக்கு எப்படித் தெரிந்தது? அப்புறம்தான் படித்தேன். பேங்க் என்றால் சிலிண்டர் வரிசையாம். லீன் என்றால் ஒல்லி. அதாவது, காற்று ஜாஸ்தி, பெட்ரோல் கம்மி.

"வீட்டுல ஒருத்தராவது ஒல்லியா இருக்கட்டுமே" என்றாள் சகதர்மிணி, என் பனியனைப் பார்த்தபடி.

இங்கே கொஞ்சம் கணக்கு வாத்தியார் ஆகிறேன். பயப்படாதீர்கள், இரண்டு நிமிஷம்தான்.

சுத்தமான பெட்ரோல் 1 கிலோ முழுசாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். லிட்டர் கணக்கில் சொன்னால், ஒரு லிட்டர் பெட்ரோலுக்குச் சுமார் 9,000 லிட்டர் காற்று! நாம் பங்க்கில் பெட்ரோலுக்கு மட்டும்தான் காசு கொடுக்கிறோம். கார் நிஜத்தில் குடிப்பது காற்றைத்தான்.

இந்தக் கணக்கை எழுதுவது என்ஜின் கம்ப்யூட்டர். அது ஒரு நல்ல அக்கவுண்டென்ட். வாசலில் ஒரு வாட்ச்மேன் உண்டு: ஏர் ஃபில்டரை ஒட்டி உட்கார்ந்து உள்ளே போகும் காற்றை எண்ணும் சென்சார். (எல்லாக் காரிலும் இது இருக்காது. சில கார்களில் அழுத்தத்தை வைத்துக் கணக்குப் போடுவார்கள். என் காரில் வாட்ச்மேன் உண்டு.) இவர் இன்வர்டு ரிஜிஸ்டரில் எழுதுவதை நம்பித்தான் அக்கவுண்டென்ட் பெட்ரோல் சாங்ஷன் செய்கிறார்.

அந்தக் கோடியில், புகை போகிற பைப்பில், ஆடிட்டர் உட்கார்ந்திருக்கிறார். ஆக்சிஜன் சென்சார். 1976-ல் வால்வோ காரில் முதல்முதலாக வேலைக்குச் சேர்ந்த ஜாதி இது. எரிந்து முடிந்த புகையில் ஆக்சிஜன் மீதி இருக்கிறதா என்று பார்ப்பார். மீதி இருந்தால் 'பெட்ரோல் போதவில்லை' என்று குறிப்பு அனுப்புவார். உடனே அக்கவுண்டென்ட் கொஞ்சம் பெட்ரோல் கூட்டி ஒரு அட்ஜஸ்ட்மென்ட் என்ட்ரி போடுவார். இதற்குப் பெயர் ஃபியூயல் ட்ரிம். அவ்வப்போது போடுவது ஷார்ட் டெர்ம். தினமும் அதே என்ட்ரி போட வேண்டியிருந்தால் அதை நிரந்தரமாக கேரி ஃபார்வர்டு செய்துவிடுவார், அது லாங் டெர்ம்.

சாட்சாத் நம்ம சஸ்பென்ஸ் அக்கவுண்ட்!

ஐந்து சதவீதம், எட்டு சதவீதம் என்றால் யாரும் கண்டுகொள்வதில்லை. இருபத்தைந்தை நெருங்கினால் அக்கவுண்டென்ட் பேனாவைக் கீழே வைத்துவிட்டு முதலாளிக்கு மெமோ அனுப்புகிறார். அந்த மெமோதான் மஞ்சள் குழாய்.

ஆக, மெமோவில் இருப்பது 'கணக்கு இடிக்கிறது' என்பது மட்டும். திருடன் பெயர் அதில் இல்லை. இது எனக்கு அன்றைக்கே புரிந்திருக்க வேண்டும். நான்கு வருஷம் ஆடிட்டர் ஆபீஸில் டிக் அடித்தவன்!

* * *

திங்கட்கிழமை ஒரு பெரிய ஒர்க் ஷாப். கண்ணாடிக் கதவு, ஏ.சி. ரூம், ஃப்ரீ காபி. ஃப்ரீ காபி எங்கே கொடுத்தாலும் பர்ஸைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது அனுபவம். பிடிக்கவில்லை.

டை கட்டிய இளைஞர் கம்ப்யூட்டரைப் பார்த்தார். "லீன் காட்டுது சார். லீன்னு சொல்றது ஆக்சிஜன் சென்சார். அதை மாத்திடுவோம்."

எனக்கும் நியாயமாகப் பட்டது. லேபரோடு 7,200 ரூபாய். லைட் அணைந்தது. அணைந்தது என்ன, ஸ்கேனரில் கோடை அழித்தால் எந்த லைட்டும் அணையும்.

வெள்ளிக்கிழமை மறுபடி அதே சத்திரம் சிக்னல், அதே விக்கல், அதே குழாய்.

கணக்கு இடிக்கிறது என்று உண்மையைச் சொன்ன ஆடிட்டரை வேலையை விட்டுத் தூக்கிவிட்டேன். புதிதாக வந்த ஆடிட்டரும் அதே ரிப்போர்ட்டைத்தான் எழுதியிருக்கிறார்!

அப்பா பொன்மலை ரயில்வே ஒர்க் ஷாப்பில் முப்பத்தி நாலு வருஷம் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். பேப்பரைக் கண்ணுக்கு மிக அருகில் வைத்துப் படித்தபடி சொன்னார்:

"பாய்கிட்ட கொண்டு போடா. உன் ரோஷத்துல என்னை மதுரைக்கு உருட்டிக்கிட்டுப் போக முடியாது."

* * *

சனிக்கிழமை காலை ஷெட் வாசலில் வண்டியை நிறுத்தியபோது எனக்கே என் முகத்தைக் காட்ட வெட்கமாக இருந்தது. பாய் பழைய சம்பவம் எதையும் பேசவில்லை. "வாங்க தம்பி, டீ சொல்லவா?" என்றார். அதுதான் இன்னும் வலித்தது.

"பையன் எங்க பாய்?"

"கஸ்டமர் கம்ப்ளெயின்ட் வந்தா எட்டு நாள் வெளிய. கடை ரூலு. நாளையோட முடியுது."

நாள் கூலிக்கு வேலை செய்கிற பையன். எட்டு நாள். நான் டீயைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பாய் உடனே பானெட்டைத் திறக்கவில்லை. முதலில் கேள்விகள்தான்.

"எப்ப மிஸ்ஸிங் அடிக்குது? நின்னாவா, ஓடினாவா?"

"நின்னாத்தான். ஓட்டுனா ஒண்ணும் தெரியல. எனக்கென்னவோ பெட்ரோல் மேலதான் சந்தேகம் பாய். இப்பதான் 20 சதவீதம் எத்தனால் கலக்கறாங்களே?"

பாய் சிரித்தார். "எத்தனாலுக்குக் காத்து கம்மியா போதும். அதனால கொஞ்சம் லீன் காட்டும், வாஸ்தவம். ஆனா அது சில பர்சென்ட்தான். அதுவும் நின்னாலும் ஓடினாலும் ஒண்ணுபோலக் காட்டும். உங்க வண்டி நின்னா மட்டும்ல அழுவுது?"

ஸ்கேனரைச் சொருகினார். ஐடிலிங்கில் ஷார்ட் டெர்ம் 8, லாங் டெர்ம் 19. மொத்தம் 27 சதவீதம். ஆக்சிலேட்டரை மிதித்து 2,500 ஆர்.பி.எம்.மில் கொஞ்ச நேரம் பிடிக்கச் சொன்னார். எண் இறங்க ஆரம்பித்தது. 20... 13... கடைசியில் 6-ல் வந்து நின்றது.

"போதும், விடுங்க. காத்து எங்கேயோ உள்ள போகுது."

எப்படி என்று கேட்டேன். அவர் சொன்னதை நான் என் பாஷையில் சொல்கிறேன். டீக்கடைக் கல்லாவில் தினம் 100 ரூபாய் காணாமல் போகிறது. 400 ரூபாய் வியாபாரமான அன்று அது 25 சதவீதம், முதலாளி அலறுவார். 5,000 ரூபாய் வியாபாரமான அன்று 2 சதவீதம்; தெரியவே தெரியாது. ஓட்டை அதே ஓட்டைதான். ஐடிலிங்கில் என்ஜின் கொஞ்சமாக மூச்சு விடுகிறது, உள்ளே உறிஞ்சும் வேகமும் ஜாஸ்தி. அதனால் பின்வாசல் வழியாக, வாட்ச்மேன் எண்ணாமல் நுழைகிற காற்று பெரிசாகத் தெரிகிறது. ஓட்டும்போது முன்வாசலில் கூட்டம் அலைமோதும். பின்வாசல் கணக்கில் வராது.

இதுவே தலைகீழாக இருந்தால், அதாவது நிற்கும்போது ஒழுங்காக இருந்து, மிதிக்க மிதிக்க எண் ஏறினால், பெட்ரோல் பம்ப்போ ஃபில்டரோ போதவில்லை என்று அர்த்தம். வாட்ச்மேன் சென்சாரில் அழுக்கு படிந்து குறைவாக எண்ணினாலும் அப்படித்தான். அந்த மாதிரி லீனோடு லோடு ஏற்றி மேட்டில் விரட்டினால் சூடு ஏறி வால்வு, பிஸ்டன் வரை பதம் பார்த்துவிடும்.

"ஆக்சிஜன் சென்சார் ஒரு வாயில்லா ஜீவன் தம்பி" என்றார் பாய். "அதுக்குப் பெட்ரோலே தெரியாது, ஆக்சிஜன்தான் தெரியும். சென்சாருக்கு முன்னாடி பைப்புல ஓட்டை இருந்து வெளிக்காத்து புகுந்தாலும் லீன்னு சொல்லும். ஒரு பிளக் எரியாம விட்டாலும் லீன்னு சொல்லும். அதனால சென்சாரைக் கடைசியாத்தான் சந்தேகப்படணும்."

என் 7,200 ரூபாய் அந்த நிமிஷம் ஆத்ம சாந்தி அடைந்தது.

அம்பாஸடர் காலத்தில் ஸ்கேனர் ஏது? லீன் என்று சந்தேகம் வந்தால் சோக்கை லேசாக இழுத்துப் பார்ப்பார்களாம். காற்றை மறித்ததும் வண்டி நன்றாக ஓடினால் லீன். பிளக்கைக் கழட்டினால் மூக்கு சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருக்கும். முடிந்தது வைத்தியம்.

பாய் ஒரு முழ நீள ரப்பர் ட்யூபை எடுத்தார். ஒரு முனையைக் காதில் வைத்துக்கொண்டு, மறு முனையை ஓடுகிற என்ஜின் மேல், பெல்ட்டில் படாமல், டாக்டர் ஸ்டெதாஸ்கோப் வைப்பது போல அங்கங்கே வைத்தார்.

"கார்புரேட்டர் கிளீனரை அடிச்சுப் பார்ப்பாங்களே பாய்? வீடியோல பார்த்தேன்."

"சூடான என்ஜின் மேல அதை அடிச்சா தீப் பிடிக்கும். வீடியோல அதையும் காட்டினாங்களா?"

காட்டவில்லை.

ட்யூப் ஓரிடத்தில் நின்றது. பாய் என் காதில் வைத்தார். 'ஸ்ஸ்ஸ்ஸ்ஸ்...' பாம்பு சீறுகிற மாதிரி சத்தம். துணி சுற்றிய குறடால் அங்கிருந்த ஒரு ஹோஸை மெல்ல நசுக்கினார். விக்கல் பட்டென்று நின்றது! ஸ்கேனரில் எண் மளமளவென்று சரிந்தது.

என்ஜினை ஆஃப் செய்து, கையை உள்ளே விட்டு அந்த ஹோஸை வெளியே இழுத்தார். என்ஜின் அடிவயிற்று ஆவியை மறுபடி உள்ளே அனுப்புகிற ஹோஸ். சூட்டில் முறுக்கு மாதிரி விறைத்திருந்தது. முனையில் நீளமாக வெடிப்பு. வெடிப்பைச் சுற்றி, எண்ணெயில் ஊறி, பசை உருகிப் பிரிந்து தொங்கிக்கொண்டிருந்தது...

ரோஸ் கலர் இன்சுலேஷன் டேப்.

* * *

அந்த டேப் எனக்குத் தெரியும். என் பெண் டென்னிஸ் பாலில் சுற்றி கிரிக்கெட் ஆடுகிற டேப்.

பிரேக் பேட் மாற்றியது புதன்கிழமை. அதற்கு மூன்று நாள் முன்னால், ஞாயிற்றுக்கிழமை, வீடியோ பார்த்து ஏர் ஃபில்டரை நானே சுத்தம் செய்தேன். 200 ரூபாய் மிச்சம் பிடிக்க. ஒரு ஹோஸ் குறுக்கே இருந்தது. இழுத்தேன். 'டக்'. முனை வெடித்தது. டேப்பைச் சுற்றிச் சொருகினேன். வண்டி ஸ்டார்ட் ஆயிற்று. கையைக் கழுவினேன். ஆடிட் பாஷையில் 'இம்மெட்டீரியல் ஐட்டம்'. அற்ப விஷயம், ரிப்போர்ட்டில் வர வேண்டாம்!

டேப் ஆறு நாள் தாக்குப்பிடித்து, ஏழாம் நாள் சிக்னலில் பிரிந்திருக்கிறது. நடுவில் கை வைத்த ஒரே குற்றத்துக்காக அந்தப் பையன்...

சத்தியமாகச் சொல்கிறேன், போனில் கத்தியபோது இந்த டேப் ஞாபகம் வரவில்லை. ஆனால் பெரிய ஒர்க் ஷாப்பில் காபி குடிக்கும்போது ஒரு தடவை வந்தது. வந்ததைக் காபியோடு சேர்த்து முழுங்கிவிட்டேன்.

பாய் டேப்பை விரலில் சுற்றிப் பார்த்தார்.

"இது நம்ம ஷெட்டு டேப் இல்ல. அந்தப் பெரிய ஒர்க் ஷாப்புலதான் எவனோ ஒட்டியிருக்கான்."

எவ்வளவு அழகான பின்வாசல்! தலையை ஆட்டினால் போதும். கண்ணாடிக் கதவுக்காரர்கள் என்ன சாட்சி சொல்லவா வரப்போகிறார்கள்? பக்கத்தில் டூவீலருக்கு வந்த இரண்டு பேர் வேறு ஆவலாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தலை லேசாக ஆடக்கூட ஆரம்பித்துவிட்டது. அப்போது சுவர் ஓரத்தில் ஆணியில் தொங்கிய பையனின் நீலச் சட்டை கண்ணில் பட்டது. எட்டு நாள் தூசி.

"நான்தான் பாய்" என்றேன்.

"என்னது?"

"டேப். நான்தான் சுத்தினேன். ஃபில்டர் கழட்டும்போது உடைச்சிட்டேன். பையன் மேல ஒரு தப்பும் இல்ல."

பாய் கொஞ்ச நேரம் பேசவில்லை. டூவீலர்காரர்கள் வானத்தைப் பார்த்தார்கள். பிறகு பாய் செல்போனை எடுத்தார். "டேய், நாளைக்குக் காலைல ஷெட்டுக்கு வா. ஒரு ஹோஸ் மாத்தணும். ஆமா, அந்த வண்டிதான்."

"அவன் கூலியை நான் கொடுத்துடறேன் பாய்."

"கூலி நான் குடுக்கறேன். வெளிய அனுப்பினது நான். நீங்க சொல்ல வேண்டியதை அவன்கிட்ட சொல்லுங்க, போதும்."

ஞாயிற்றுக்கிழமை பையன் வந்தான். புது ஹோஸ் 180 ரூபாய். பத்து நிமிஷ வேலை. அவன் குனிந்து கிளாம்ப்பை முறுக்கிக்கொண்டிருக்கும்போது, முன்னாள் இரவு பூரா ஒத்திகை பார்த்த வசனம் எல்லாம் மறந்துபோய், "தம்பி... அன்னைக்கு நான் பேசினது தப்புப்பா. மன்னிச்சுக்க" என்று மட்டும் வந்தது.

அவன் நிமிரவில்லை. கிளாம்ப்பை இன்னும் ஒரு சுற்று சுற்றினான். "பரவால்லண்ணே" என்றான். குரலில் பரவாயில்லாத மாதிரி தெரியவில்லை. எட்டு நாள் ஆயிற்றே.

ஸ்டார்ட் செய்தோம். விக்கல் இல்லை. ஸ்கேனரில் எண் 27-லிருந்து படிப்படியாக இறங்கி, 3-ல் நின்றது.

"இந்த மூணு எத்தனாலா இருக்கும்ணே" என்றான் பையன். முதல் முறையாக லேசான சிரிப்பு. "அண்ணே, ஒண்ணு கேட்கட்டா? அந்த டேப் எந்தக் கடைல வாங்கினீங்க? இந்தச் சூட்டுல ஆறு நாள் நின்னுருக்கே!"

திங்கட்கிழமை அப்பாவோடு மதுரை போய் வந்தேன். கண் தேறி வருகிறது என்றார் டாக்டர். திரும்பி வரும்போது மேலூர் தாண்டி அப்பா கண்ணைச் சுருக்கி டேஷ்போர்டையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"என்னப்பா?"

"லைட் எரியலை. என் கண்ணு சரியாயிடுச்சா, இல்லே உன் காரு சரியாயிடுச்சான்னு பார்க்கறேன்."

ரோஸ் டேப் பெண்ணிடமே திருப்பி ஒப்படைக்கப்பட்டுவிட்டது. வாங்கிக்கொண்டேன் என்று கையெழுத்தும் வாங்கி வைத்திருக்கிறேன்.